கோடிக்கரைப் பெண் திரைக்கு வந்தாள்

கோடியக்கரைக் காட்டில் வெளிமான் பார்க்க வருகிறவர்களில் பலர் பூங்குழலியைப் பற்றியும் விசாரிப்பார்கள். கல்கி 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரின் இரண்டாம் பாகம், 'சுழற்காற்று', இந்தக் கரையில்தான் ஆரம்பமாகிறது. கலங்கரை விளக்கக் காவலரின் மகளான பூங்குழலி, புதைசேற்றில் சிக்கிய கதாநாயகன் வந்தியத்தேவனைக் காப்பாற்றி, ஈழத்துக்குப் படகில் கொண்டு சேர்க்கிறாள்.

இந்த நாவலை எம்.ஜி.ஆர். 1950களின் இறுதியிலேயே படமாக்க முயன்றார், கைகூடவில்லை. மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் 2022இல்தான் திரைக்கு வந்தது.

அதன் அழகு ஒளியில் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ரவி வர்மன் அரண்மனை அறைகளைத் தீபச்சுடரின் மஞ்சளில் காட்டுகிறார். சோழ இளவரசி குந்தவையும் அவளுடைய எதிரி நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியில் வசனத்தைவிட முகங்களே அதிகம் பேசுகின்றன. 'அலைகடல்' பாட்டில் பூங்குழலியின் தனிமையைச் சொல்ல, விரிந்த கடலும் ஒரு படகும் போதுமாக இருக்கின்றன. தோட்டா தரணியின் அரங்கங்களும் ஏகா லக்கானியின் உடைகளும் இதற்குத் துணை நிற்கின்றன. ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு, சிறந்த தமிழ்ப் படம் என நான்கு தேசிய விருதுகள் கிடைத்தன.

ஆனால் நாவலில் பூங்குழலிக்குக் கிடைத்த இடம் படத்தில் இல்லை. படம் பார்த்தவர்கள் 'சுழற்காற்'றின் முதல் ஐந்து அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள்.