ஒரே நோட்டில் ஐந்து பாடம்!
தோளுக்கும் சுகம், பணப்பைக்கும் சுகம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பையை ஒரு நாள் தூக்கிப் பாருங்கள். கை வலிக்கும்! உள்ளே என்ன இருக்கிறது? புத்தகத்தைவிட நோட்டுதான் அதிகம்.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஆக, பாடம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வகுப்பு நோட்டு ஒன்று, வீட்டுப்பாட நோட்டு ஒன்று. மொத்தம் பத்து! ஒரு நோட்டு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்து நோட்டும் சேர்ந்து 2 கிலோ.

பையின் எடை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மத்திய அரசு 2020-ம் ஆண்டு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை இப்படிச் சொல்கிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளை 2 கிலோதான் சுமக்கலாம். அவ்வளவையும் நோட்டே பிடித்துக்கொண்டால், புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இடம் ஏது?

புத்தகம் காட்டிய வழி

தமிழ்நாட்டில் 2012-13-ம் கல்வி ஆண்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே புத்தகமாயின.  பருவம் முடிந்தால் அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கும். நோட்டுக்கும் இதே வழிதான்.

எப்படிப் பிரிப்பது?

200 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடத்துக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். கணக்குக்குப் பக்கம் அதிகம் வேண்டும். கணக்குக்கு 60, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 40, மற்ற இரண்டுக்கும் 30. கூட்டிப் பாருங்கள், சரியாக 200!

எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று அட்டையின் உள்பக்கம் எழுதுங்கள். பாடம் தொடங்கும் தாளின் ஓரத்தில் வண்ணக் காகிதம் ஒட்டுங்கள். சின்னப் பிள்ளையும் சட்டென்று புரட்டிவிடும். வகுப்பில் எழுதியதற்கு அடுத்த பக்கத்திலேயே வீட்டுப்பாடத்தையும் எழுதலாம்.

இரண்டே பாடம் என்றால் இன்னும் சுலபம். ஒன்றை முன்பக்கமிருந்தும், மற்றதைப் பின்பக்கமிருந்தும் எழுதினால் போதும்.

சங்கடமும் உண்டு

ஆரம்பப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துகிறார். அங்கே தொல்லை இல்லை. மேல்வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். தமிழ் ஆசிரியர் திருத்துவதற்கு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த மணிக்குக் கணக்கு எதில் போடுவது?

அந்த வகுப்புகளில் தனித்தாளில் எழுதி, பாடவாரியாகக் கோப்பில் சேர்ப்பது நல்லது. திருத்த வேண்டிய தாளை மட்டும் கொடுத்தால் போதும்.

இன்னோர் ஆபத்து: நோட்டு தொலைந்தால் ஐந்து பாடமும் போச்சு! ஆகையால் ஒரே நோட்டை ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டாம். பருவத்துக்கு ஒன்று என மாற்றி, பழையதை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். எதற்கும் முதலில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால்தான் நடக்கும்.

மிஞ்சிய தாள்

ஆண்டு முடிவில் பழைய நோட்டுகளைக் கடையில் போடுமுன் புரட்டிப் பாருங்கள். எழுதாத தாள்களைப் பிரித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போடுங்கள். காசில்லாமல் ஒரு ரஃப் நோட்டு தயார்!

நோட்டைக் குறைத்தால் படிப்பு குறையாது. குறைவது, பிஞ்சுத் தோளின் பாரம்தான்.