ஓய்வில் பொய் சொல்லும் செல்

மின்ஸ்கூட்டர் மேட்டில் ஏறும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பிப் போட்டால் மறுபடி ஓடுகிறது. பட்டறையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்ட் சரியாகவே இருக்கிறது. மருத்துவரிடம் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவதைப் போலத்தான் இதுவும். ‘பேக் போச்சு, புதுசு போடணும்’ என்று தீர்ப்பு வந்துவிடும். உள்ளே ஓரிரு செல்கள் மட்டும் கெட்டிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவை வோல்ட் அளந்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

48 வோல்ட் பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிக்கல் கலந்த லித்தியம் செல்கள் என்றால் வழக்கமாக 13 குழுக்கள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் சில செல்கள் பக்க இணைப்பில். முழு சார்ஜில் குழுவுக்கு 4.2 வீதம் மொத்தம் 54.6 வோல்ட். இப்போது 12 குழுக்கள் 4.1 வோல்ட்டிலும் ஒன்று மட்டும் 3.2 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் 52.4 வரும். அதைப் பார்க்கும் எவரும் சார்ஜ் நன்றாக ஏறியிருக்கிறது என்றுதான் சொல்வார். ஆகவே பேட்டரியைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் துண்டிக்கும் பி.எம்.எஸ். பலகைக்குப் போகும் மெல்லிய கம்பிகளின் முனையில் குழுகுழுவாக அளப்பதுதான் தொடக்கம்.

தாழ்ந்து நிற்கும் குழுவைப் பிடித்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தாழ்வுக்குக் காரணங்கள் பல. கொள்ளளவு குறைந்த குழு, சார்ஜ் ஏறும்போது மற்றவற்றை முந்திக்கொண்டு 4.2ஐத் தொடும், இறங்கும்போதும் முதலில் காலியாவது அதுதான். தனக்குள்ளே கசியும் குழுவோ முழு சார்ஜிலும் தாழ்ந்திருக்கும், காலியாகும் தறுவாயிலும் தாழ்ந்திருக்கும். இரண்டு நேரத்து அளவுகளையும் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு பிடிபடும். அடுத்தது, சுமையில் அளப்பது. அக மின்தடை 10 மில்லிஓம் உள்ள நல்ல குழுவில் 20 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் இறங்கும். தடை 50 மில்லிஓமாகக் கூடிய குழுவில் அதே மின்னோட்டம் 1 வோல்ட்டைத் தின்றுவிடும். 3.7 வோல்ட்டில் இருந்த குழு 2.7க்குப் போகும். பி.எம்.எஸ். 2.8இல் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், மற்ற 12 குழுக்களில் ஏறக்குறைய பாதி சார்ஜ் மிச்சமிருக்கவே வண்டி நின்றுவிடும். சுமை நீங்கியதும் வோல்ட் மேலே வந்துவிடுகிறது; மேட்டில் நின்ற வண்டி ஓரத்தில் உயிர்பெறும் மர்மம் இவ்வளவுதான்.

இப்போது பல பி.எம்.எஸ்.கள் செல்பேசியிலேயே குழுவாரி வோல்ட்டைக் காட்டுகின்றனவே, பிறகென்ன சிரமம் என்று கேட்கலாம். உதவிதான், சுமைச் சோதனைக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் ஒரு குழுவில் நான்கு செல்கள் இருந்தால், நான்குக்கும் சேர்த்து அதற்குத் தெரிவது ஒரே ஒரு வோல்ட். அதில் ஒன்று தொடர்பற்றுச் செத்துக்கிடந்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து மறைத்துவிடும். எது என்று அறிய நிக்கல் பட்டையை வெட்டிப் பிரித்தாக வேண்டும். குற்றவாளி அந்தப் பலகையாகவும் இருக்கலாம். சமன்செய்யும் சுற்று பழுதாகி ஒரு குழுவை ஓயாமல் வடித்துக்கொண்டிருந்தால், வெளியே பார்க்க அது கசியும் செல்லைப் போலவே இருக்கும். பலகையைக் கழற்றிவைத்து இரண்டு வாரம் கழித்து அளந்தும் அதே குழு இறங்கியிருந்தால்தான் செல்மீது பழி போடலாம். (இரும்பு பாஸ்பேட் வகையில் இன்னொரு தொல்லை: சார்ஜின் நடுப்பகுதி முழுக்க வோல்ட் 3.3ஐ ஒட்டியே நிற்பதால் அங்கே அளப்பது வீண்.)

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதிய பேக்கே மலிவு என்பது பட்டறைக்காரர்களின் மறுப்பு. சைக்கிளின் சிறிய பேக்குக்கு அது சரி. வண்டி விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்கே போகும் ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. தாழ்ந்த குழுவைத் தனியே சார்ஜ் ஏற்றினால் போதாதா? வெறும் சமநிலைத் தவறு என்றால் போதும். கசிவு என்றால் சில வாரங்களில் பழையபடிதான். 2 வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த செல்லை எழுப்புவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த நிலையில் எதிர்முனையின் செம்புத் தகடு கரைந்து, வேறிடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் போயிங் 787 ஒன்றின் எட்டு செல் பேட்டரி எரிந்ததற்கும், ஒரு செல்லுக்குள் நேர்ந்த குறுக்குச்சுற்றால் எழுந்த கட்டுக்கடங்காத வெப்பம் பக்கத்துச் செல்களுக்குப் பரவியதே காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு செய்தது. அங்கே குறுக்குச்சுற்று தோன்றிய விதம் வேறாக இருக்கலாம், விளைவு ஒன்றுதான். செல்லை மாற்றுவதென்றால் அந்தக் குழு முழுவதையும் ஒரே வகை, ஒத்த கொள்ளளவுள்ள செல்களால் மாற்ற வேண்டும். பழைய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் மின்னோட்டத்தின் பெரும்பங்கு புதியதன் தலையில் விழும்.