சாம்புவுக்கும் சங்கர்லாலுக்கும் முன்னே

மாதேஸ்வரன் மலை இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997 வரை அது மைசூரு மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன், 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை, கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கியது. மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மலையேறும் பேருந்துகளில் தமிழும் கன்னடமும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன.

இப்பகுதியில் பணியாற்றும் எனக்கு, வாடிக்கையாளர்களிடம் அவர்கள் படித்த நூல்களைப் பற்றி விசாரிக்கும் வழக்கம் உண்டு. கன்னடம் பேசும் முதியவர்கள் என். நரசிம்மய்யாவின் பெயரைச் சொல்வார்கள். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், 1952 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்களை எழுதி, கன்னட நாட்டின் எளிய மக்களைப் படிப்பவர்களாக்கினார். தமிழர்கள் ராஜேஷ்குமாரையும் சுஜாதாவையும் சொல்வார்கள். சற்று வயதானவர்கள் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் தேவனின் துப்பறியும் சாம்புவையும் நினைவுகூர்வார்கள். அவர்களுக்கு முன்னால் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஆனால் இம்மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே தமிழ்க் குற்றக் கதை நன்கு வேரூன்றிவிட்டிருந்தது.

அதைத் தொடங்கி வளர்த்தவர்களுள் மூத்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915இல் தோன்றிய ‘ஆனந்தபோதினி’ மாத இதழின் ஆசிரியராக இருந்தவர். ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளரைத் தமிழுக்குத் தந்தார். அவருடைய கதைகளில் பல ஆங்கிலத் தழுவல்கள். குறிப்பாக ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரை அவர் பெரிதும் பின்பற்றினார். 1844 முதல் லண்டனின் மர்மங்களை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் விற்ற அந்த ரெயினால்ட்ஸைச் சொந்த நாட்டார் பின்னாளில் ஏறக்குறைய மறந்தே போயினர். தழுவல் என்பதற்காகவே முதலியாரை ஒதுக்குவோர் உண்டு. லண்டன் பிரபுவைத் தமிழ்ப் பேச்சுப் பேசவைத்து, அவனை நம் ஊர்ப் பெரிய வீட்டில் குடியேற்றுவது எளிய வேலை அன்று என்பதே என் எண்ணம்.

ஜே.ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட ‘ராஜாம்பாள்’ பல பதிப்புகளைக் கண்டது. மணநாளை எதிர்நோக்கியிருந்த பெண் காணாமற்போகிறாள். கொலைப்பழி அவளை மணக்க இருந்தவன்மீதே விழுகிறது. முடிச்சை அவிழ்ப்பவர் துப்பறிவாளர் கோவிந்தன். இந்நாவல் 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. ஆர்.எஸ். மனோகர் திரையில் அறிமுகமானது இரண்டாவது படத்தில்தான். படத்தை நினைவில் வைத்திருப்போர் சிலர் உண்டு. எழுதியவர் பெயரை அறிந்தோர் அரிது.

இவர்களுள் நான் மிகவும் விரும்பிப் படிப்பது வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரை. அரசுப் பணியைத் துறந்து எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டு, ‘மனோரஞ்சினி’ என்னும் இதழ் வழியாகத் தம் நாவல்களை வெளியிட்டவர் அவர். ‘மேனகா’ நாவலில் குற்றவாளியைத் தேடி வாசகர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞரான கணவனின் வீட்டில், அவனுடைய உடன்பிறந்தாரே, வாழவந்த பெண்ணைப் பணத்துக்காக ஒரு செல்வந்தனிடம் விற்றுவிடுகின்றனர். அவளைக் காப்பாற்றுபவள் அச்செல்வந்தனின் மனைவி நூர்ஜஹான். ‘கும்பகோணம் வக்கீல்’ கதையிலோ சட்டம் கற்றவரே சூழ்ச்சிகளின் நடுவில் நிற்கிறார். அவரை எதிர்கொள்பவர் மாறுவேடத்தில் வல்லவரான திகம்பர சாமியார். மேட்டூரைத் தாண்டினால் வரும் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் இக்கதையை 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்ற பெயரில் படமாக்கியது. எம்.என். நம்பியார் கதாநாயகனாக நடித்து வேடத்துக்கு மேல் வேடமாகத் தோன்றிய படம் அது.

குற்றம் வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே விளைகிறது என்பதை வடுவூரார் ஓயாமல் சொல்கிறார். வங்கிப் பணியில் இருப்போர்க்கு இது வியப்பளிக்காது. போலிக் கையெழுத்தை இடுபவர் பல வேளைகளில் அக்கையெழுத்தை அன்றாடம் பார்க்கும் தொலைவில் இருப்பவரே. இரகசிய எண்ணை அறிந்துகொள்பவரும் பெரும்பாலும் நம்பிக்கைக்குரிய உறவினரே. வரதட்சிணை, சொத்து, விதவையின் பங்கு என்று அன்றைய குடும்பங்கள் வெளியில் பேசத் தயங்கியவற்றை, மர்மக்கதை என்ற போர்வையில் இவர்கள் பேசிவிட்டனர். பெண்களும் இளைஞர்களும் இந்நூல்களைத் தொடக்கூடாது என்று பெரியவர்கள் கண்டித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அக்கண்டிப்பை மீறி எழுதவே வந்த பெண்மணி வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிப் படிப்பு இல்லாதவர். சிறு வயதிலேயே மணமானவர். தம் முதற்படைப்பை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்தவர். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைப் பொறுப்பேற்று நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். துப்பறியும் கதையும் அவற்றுள் அடங்கும். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் சென்றார்.

இந்நூல்களைக் குறையற்றவை என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். வடமொழி மிகுந்த நெடிய வாக்கியங்கள் உண்டு. கதை விறுவிறுப்பாக நகரும் வேளையில் ஆசிரியர் அதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கம் அறிவுரை கூறுவார். சாதி, மதம், பெண்கள் குறித்த சில வரிகள் இன்று நெருடும். பொறுமை இல்லாதவர் முதல் ஐம்பது பக்கங்களில் நூலை மூடிவிடக்கூடும். அதைக் கடந்தவர் பாதியில் விடுவது கடினம்.

மலிவான தாளில் அச்சாகிக் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட நூல்கள் இவை. பழைய பிரதிகள் தொட்டால் உதிர்கின்றன. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய நாவல்களைப் பாதுகாத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூலின் பதிப்புரிமை முடிந்துவிடும். குப்புசாமி முதலியார் 1925இலும், வடுவூரார் 1942இலும், ரங்கராஜு 1959இலும், கோதைநாயகி அம்மாள் 1960இலும் மறைந்தனர். ஆகவே நால்வரின் நூல்களையும் இன்று எவரும் மறுபதிப்புச் செய்யலாம். தொடங்குவோர்க்கு ‘மேனகா’ ஏற்றது. ‘ராஜாம்பாள்’ அதைவிடச் சிறியது, ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.