ஹத்தீனில் இல்லாத தண்ணீர்

சலாவுதீனின் படையில் கிறித்தவத் துறவி ஒருவர் நடந்து போவார். நீண்ட அங்கி, கையில் கோல். 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமில் 13 நாகரிகங்கள் இருந்தன. ஜப்பானியர், மங்கோலியர், அரேபியர் எல்லாருக்கும் அதே துறவிதான். அன்று யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. எதிரி வீரனைத் தன் பக்கம் மதம் மாற்றிவிடுவாரா என்பதுதான் ஆடுகிறவர்களின் கவலை.

அந்த கேமில் சலாவுதீனுக்கென்று 6 கட்டங்கள் கொண்ட கேம்பெய்ன் ஒன்று உண்டு. மூன்றாவது கட்டம் ஹத்தீன் போர். சிலுவைப் படையினர் வைத்திருக்கும் திருச்சிலுவைத் துண்டைக் கைப்பற்றிச் சலாவுதீன் பக்கம் கொண்டுவந்து சேர்த்தால் வெற்றி. புனிதப் பொருள்களைத் துறவி மட்டுமே தூக்க முடியும் என்பது விதி. ஆகவே சலாவுதீன் ஜெயிக்க வேண்டுமென்றால், ஐரோப்பிய மடத்திலிருந்து எழுந்து வந்தவர் போன்ற ஒருவர் இயேசுவின் சிலுவையைச் சுமந்து சுல்தானிடம் ஒப்படைக்க வேண்டும்! ஒட்டகத்தின் மேலிருந்தபடி வளைந்த வாளை எதிரி மேல் வீசி எறியும் மம்லூக் வீரனும் அதே ரகம். வீசிய வாள் போக அடுத்த வாள் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது.

2023 நவம்பரில், அதே வரிசையின் நான்காம் கேமுக்கு 'த சுல்தான்ஸ் அசெண்ட்' என்ற எக்ஸ்பான்ஷன் வந்தது. இதில் சலாவுதீனின் வம்சமான அய்யூபியர் தனி நாகரிகம். மசூதி உண்டு, அதிலிருந்து இமாம் வருகிறார். ஒட்டகத்தில் வரும் வீரன் வாளை எறிவதில்லை. தொலைவில் வில், கிட்டே போனால் வாள் என்று ஆயுதத்தை மாற்றிக்கொள்கிறான். அதாபேக் என்ற பட்டம்கூட விளையாட்டுக்குள் வந்துவிட்டது. துருக்கிய அரசுகளில் இளவரசனுக்குப் பாதுகாவலராகவும் ஆளுநராகவும் இருந்தவர்களின் பட்டம் அது. கேமில் அதாபேக்கைப் படைக் கூடத்தில் அமர்த்தினால், அங்கே பயிற்சி பெற்று வெளிவரும் வீரர்களுக்கு உயிர்பலம் கூடும். 8 கட்டங்கள் கொண்ட இதன் கேம்பெய்னில், சிலுவைப் படைகளும் மங்கோலியரும் வரும்போது ஊருக்குள் நின்று தடுப்பவர்கள் நாம்.

இதைப் பார்த்துவிட்டு, அன்று அறியாமை, இன்று தெளிவு என்று கோடு போட்டுவிடலாம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1999இன் சலாவுதீன் கதையைச் சொல்பவர், பாலைவனத்தில் வழி தவறிச் சலாவுதீனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஓர் ஐரோப்பியர். காட்டுமிராண்டிகள் என்று கேள்விப்பட்டு வந்தவர், மருத்துவமும் கணிதமும் அறிந்த மனிதர்களிடையே தான் இருப்பதை மெல்ல மெல்ல உணர்கிறார். அதே கேமின் பார்பரோசா கதையோ வேறு மாதிரி. 1190இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்த அந்த ஜெர்மானியப் பேரரசரின் உடலைப் பீப்பாயில் வைத்து ஜெருசலேம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடைசிக் கட்டம். வரலாற்றில் அந்த உடல் ஜெருசலேம் போய்ச் சேரவே இல்லை. ஆனால் ஒரு சிலுவைப் போரின் அபத்தம் முழுவதும் அந்தப் பீப்பாய்க்குள் இருந்தது. புதியவற்றில் தகவல் பிழை குறைவு. இப்படி ஒரு பீப்பாயும் கிடையாது.

காலம் போகப் போகப் பார்வை நேராகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2012 பிப்ரவரியில் வந்த 'குரூசேடர் கிங்ஸ் 2' கேமில் முஸ்லிம் அரசராக ஆடவே வழியில்லை. அதே ஆண்டு ஜூனில் 'சோர்ட் ஆஃப் இஸ்லாம்' என்ற எக்ஸ்பான்ஷனைக் காசு கொடுத்து வாங்கினால்தான் கதவு திறந்தது. 13 ஆண்டுகளுக்கு முன்பே சலாவுதீனைக் கதாநாயகனாக ஆடியவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, ஹத்தீனுக்கே போவோம். 1187 ஜூலை 3 அன்று ஜெருசலேம் மன்னர் கீ, சஃபூரியா ஊற்றுகளை விட்டுப் படையைக் கிளப்பினார். முற்றுகையில் இருந்த திபேரியாவை மீட்பது நோக்கம். கடும் கோடை, உடம்பெல்லாம் இரும்பு வளையச் சட்டை, நாள் முழுக்க அம்பு மழை. இருட்டுவதற்குள் திபேரியா ஏரியை எட்ட முடியவில்லை. தண்ணீரில்லாத மேட்டில் இரவைக் கழித்தார்கள். சலாவுதீனின் ஆட்களுக்கு ஒட்டகங்களில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துப் புகையை எதிரிப் பக்கம் விட்டார்கள். மறுநாள் காலாட்படை கலைந்து ஹத்தீன் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் படையைத் தாகம் முதலில் முறித்தது. வாள் பிறகுதான் வந்தது.

1999இன் கேமில் நாம் சேர்ப்பவை நான்கு: உணவு, மரம், தங்கம், கல். 2023இலும் அடிப்படையில் அதே நான்குதான். வரைகலை எவ்வளவோ மாறியும், நாகரிகங்களின் எண்ணிக்கை எவ்வளவோ கூடியும், ஹத்தீனைத் தீர்மானித்த பொருள் இந்தப் பட்டியலில் ஏறவில்லை. 'சுல்தான்ஸ் அசெண்ட்' பைசாந்தியர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிகளைத் தந்திருக்கிறது. ஆனால் அது பக்கத்தில் உழைப்பவர்களின் வேகத்தைக் கூட்டும் சலுகை மட்டுமே. தொட்டி இல்லாவிட்டால் யாருக்கும் நா வறளாது.

இதில் கொஞ்சமாவது யோசித்தவை வேறு இரண்டு. 2002இல் வந்த 'ஸ்ட்ராங்ஹோல்ட் குரூசேடர்' கேமில் கோதுமை விளைய வேண்டுமா, ஆப்பிள் தோட்டம் போட வேண்டுமா, பாலைவனச் சோலையின் பச்சைத் தரையில்தான் முடியும். வரைபடத்தில் அந்தப் பச்சைத் திட்டு அரிது. கோட்டையை எங்கே கட்டுவது, யாரோடு மோதுவது எல்லாவற்றையும் அந்தத் திட்டே முடிவு செய்யும். அடுத்தது 'மெடீவல் 2: டோட்டல் வார்'. அதற்கு 2007இல் வந்த 'கிங்டம்ஸ்' எக்ஸ்பான்ஷனில் சிலுவைப் போர் தனி கேம்பெய்ன்; ஜெருசலேம், அந்தியோக்கியா, எகிப்து, துருக்கியர், பைசாந்தியம் என்று ஐவரில் யாராகவும் ஆடலாம். அந்த கேமின் கணக்கில் வெப்பம் உண்டு. கனத்த கவசம் பூண்ட குதிரை வீரர்களைப் பாலை மணலில் ஓடவிட்டால் சீக்கிரமே களைத்துப்போவார்கள். மோதும் நேரத்தில் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஹத்தீனுக்கு மிக அருகே வந்தது அந்த ஒரு சிறு விதிதான் என்பேன்.

வந்து சேரும் விதம் மாறியதையும் சொல்ல வேண்டும். அன்று எக்ஸ்பான்ஷன் என்றால் பெட்டிக்குள் குறுந்தகடு. பர்மா பஜாரில் உறையோடு கிடைத்த பிரதியைப் பற்றிப் பேச வேண்டாம். வாங்கிவிட்டால் விதிகள் கிட்டத்தட்ட நிலைத்துவிடும். இன்று டவுன்லோடு, அதன் பின்னால் தொடர்ந்து பேட்ச். போன மாதம் வலுவாக இருந்த வீரன் இந்த மாதம் இளைத்திருப்பான். 2019இல் புதுப்பித்த பழைய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'க்கே எக்ஸ்பான்ஷன்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் வந்த ஒன்றில் ராஜேந்திர சோழனுக்குக் கேம்பெய்ன் இருக்கிறது, வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். 2021இல் வந்த இன்னொன்றில் சிசிலியர்களுக்கு 'முதல் சிலுவைப் போர்' என்று ஒரு பட்டன் கொடுத்தார்கள். அழுத்தினால் நகர மையங்களிலிருந்து வீரர்கள் திமுதிமுவென்று வெளியே வருவார்கள். 1096 முதல் 1099 வரை ஐரோப்பாவிலிருந்து நடந்தே போய், வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் ஜெருசலேமை எட்டிய அந்தக் கூட்டப் பயணத்தை இதைவிடச் சுருக்க முடியாது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த புதுமை 2025இல் நான்காம் கேமுக்கு வந்தது. 'நைட்ஸ் ஆஃப் கிராஸ் அண்ட் ரோஸ்' எக்ஸ்பான்ஷனில் டெம்ப்ளர் வீரர்கள் தனி நாகரிகமாக வருகிறார்கள். யுகம் மாறும்போதெல்லாம் எந்தக் கூட்டாளியின் துணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், யாத்ரீகர்கள். புனிதத் தலங்களை நோக்கி அவர்கள் நடப்பார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் நமக்குத் தங்கம். 1119 வாக்கில் டெம்ப்ளர் அமைப்பு பிறந்ததே யாத்ரீகர்களைக் காக்கத்தான். பிறகு ஓர் ஊரில் பணம் கட்டி வேறு ஊரில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வரை அவர்கள் வளர்ந்தார்கள். சிலுவைப் போரில் பக்தியும் பணமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை ஒரு விதிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இதற்கு நீளமான கேம்பெய்ன் இல்லையே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. கதை வசனம் சொல்லாததை இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது என்பது என் கட்சி.

இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களிடம் இன்னொன்றும் கேட்கலாம். 1187 அக்டோபர் 2 அன்று ஜெருசலேம் சரணடைந்தபோது, வெளியேற விரும்பியவர்களுக்கு மீட்புத்தொகை நிர்ணயித்தார்கள்: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1. கட்ட முடியாத ஏழைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு மொத்தமாக ஒரு தொகை திரட்டப்பட்டது. அதிலும் சேராதவர்கள் அடிமைகளானார்கள். தலைமைக் குரு ஹெராக்ளியஸ் தன் பங்கைக் கட்டிவிட்டுத் தேவாலயச் செல்வத்தோடு வெளியேறினார். நான் ஆடிய கேம்களிலெல்லாம் நகரம் விழுந்ததும் வெற்றி என்று திரையில் எழுத்து வந்துவிடுகிறது. கஜானாவில் இவ்வளவுதான் இருக்கிறது, வாசலில் இத்தனை பேர் நிற்கிறார்கள், யாரை வெளியே அனுப்புவாய் என்று கேட்கும் ஒரு கட்டத்தை, தங்கமும் ஆள்கணக்கும் ஏற்கெனவே திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த கேம்களில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.