ஒற்றைப் புள்ளியில் முடியும் கடிதம்

கடையில் பில் போட்டு முடிக்கிறார்கள். வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்கு ரசீது வந்துவிடுகிறது. கடைக்காரர் ஜிமெயிலைத் திறக்கவே இல்லை. அவர் கம்ப்யூட்டரில் உள்ள பில்லிங் மென்பொருளே அதை அனுப்பிவிட்டது. அப்போது மென்பொருளுக்கும் மெயில் சர்வருக்கும் இடையே ஒரு பேச்சு நடக்கிறது. நாமே வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பேச்சு அது.

அந்தப் பேச்சுக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் அதன் விதிகளை எழுதினார். பிறகு பல திருத்தங்கள் வந்தன, அடிப்படை மாறவில்லை.

மென்பொருள் சர்வரின் 587ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. ‘220’, அதாவது தயார், என்கிறது சர்வர். ‘இஹெலோ’ என்று வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது மென்பொருள். பேச்சைப் பூட்டிக்கொண்டு, அதாவது குறியாக்கத்துக்கு மாறி, கடவுச்சொல்லைத் தருகிறது. அடுத்து ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநரையும் ‘ஆர்சிபிடி டூ’ என்று பெறுநரையும் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ‘250’, சரி, என்று பதில் வருகிறது. ‘டேட்டா’ என்றதும் சர்வர் ‘354’ சொல்லிக் காத்திருக்க, முழுக் கடிதமும் போகிறது. கடிதம் முடிந்தது என்பதற்கு அடையாளம், ஒரு வரியில் தனியாக நிற்கும் ஒற்றைப் புள்ளி.

கடிதத்துக்குள்ளேயே அப்படி ஒரு வரி வந்தால்? புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் மென்பொருள் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பும். சர்வர் அதை நீக்கிக்கொள்ளும். இவ்வளவு எளிய தீர்வு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘மெயில் ஃப்ரம்’ என்பது உறைமேல் எழுதும் முகவரி. நம் திரையில் தெரியும் அனுப்புநர் பெயரோ உறைக்குள் இருக்கும் தாளில் எழுதியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை. பிசிசி பெறுநர்கள் மற்றவர் கண்ணில் படாததற்கு இதுவே காரணம்: அவர்கள் பெயர் உறையில் மட்டும் இருக்கிறது. வங்கியின் பெயரில் போலிக் கடிதம் வருவதும் இதே வழியில்தான். அதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற சோதனைகள் பின்னால் சேர்ந்தன.

எஸ்எம்டிபி பிறந்தபோது அதற்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் முறைதான் பிற மொழிகளுக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் வழி திறந்தது. அதில் உள்ள பேஸ்64 உத்தி, மூன்று பைட்டுகளை நான்கு எளிய எழுத்துகளாக மாற்றுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ‘வணக்கம்’ 21 பைட்டுகள். பயணத்தில் அது 28 எழுத்துகள். 3 எம்பி பிடிஎஃப் இணைப்பு 4 எம்பிக்குச் சற்று மேலாகப் பெருப்பதும் இதனால்தான்.

பைத்தான் நிரல்மொழியின் ‘எஸ்எம்டிபிலிப்’ நூலகம் இருந்தால் இத்தனையும் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள். விற்ற மென்பொருளைப் பிரித்து அதைத் தோண்டி எடுப்பது கடினமல்ல. வெறும் கணக்குக் கடவுச்சொல்லோடு வரும் செயலிகளை ஜிமெயில் 2022 மே 30 முதல் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியதும் பாதுகாப்பு கருதியே. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிப் பெறும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லையோ, கடவுச்சொல்லைத் தராமலே அனுமதி பெறும் ஓஆத் முறையையோ பயன்படுத்துங்கள்.

அடுத்தது, கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் ‘250’. கடிதத்தைச் சர்வர் பொறுப்பேற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். பெறுநரிடம் சேர்ந்துவிட்டது என்பதல்ல. முகவரி தவறு என்றால், திரும்பி வரும் கடிதம் பிறகுதான் அனுப்புநர் பெட்டியில் விழும். ரசீது வரவில்லை என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, திரையில் பார்த்ததை நம்பிக் கடைக்காரர் வாதாடுகிறார். ஆகவே திரையில் ‘சென்று சேர்ந்தது’ என்று காட்டாதீர்கள். ‘சர்வர் ஏற்றுக்கொண்டது’ என்று எழுதுங்கள்.