ரயில் பெட்டி நன்றாக ஓட வேண்டும்

இடார்சி, மத்தியப் பிரதேசத்தில் உள்ள பெரிய ரயில் சந்திப்பு. இரவு நேரம். ஒரு விரைவு வண்டி நிலையத்துக்குள் வருகிறது. பாதையின் இருபுறமும் ஊழியர்கள் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பயணிகளைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் உருளும் சக்கரங்களையே பார்க்கிறார்கள். சத்தத்தையும் கவனமாகக் கேட்கிறார்கள்.

எதற்காக? பெட்டி ஒழுங்காக ஓடினால்தான் உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர முடியும்.

சக்கரம்

மாட்டு வண்டியில் அச்சு சுழலாது. சக்கரம் மட்டும் சுழலும். ரயிலில் அப்படி இல்லை. இரண்டு சக்கரங்களும் அச்சோடு இறுக்கப்பட்டிருக்கும். மூன்றும் சேர்ந்தே சுழலும். ரயில் பெட்டியைத் திருப்ப ஸ்டியரிங் கிடையாது. பிறகு வளைவில் எப்படித் திரும்புகிறது?

சக்கரத்தின் உட்புறம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பெட்டியைத் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு வெறும் காவல்தான். உண்மையான வேலையைச் செய்வது சக்கரத்தின் சரிவு. தண்டவாளத்தில் படும் பரப்பு தட்டையாக இருக்காது. உட்புறம் பெரிதாகவும் வெளிப்புறம் சிறிதாகவும் இருக்கும். 20 மில்லி மீட்டருக்கு 1 மில்லி மீட்டர் என்ற அளவில் சரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காகிதக் கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் போலச் சாய்வாக வையுங்கள். கப்புகளை அதன் மேல் உருட்டி விடுங்கள். சற்று விலகினாலும் தானே நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டி உருட்டினால் விழுந்துவிடும். ரயில் சக்கரம் முதல் வகை.

வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம் அதிகம். சக்கரங்கள் வெளிப்பக்கமாகச் சற்று நகரும். அப்போது வெளிச் சக்கரம் பெரிய சுற்றிலும் உள் சக்கரம் சிறிய சுற்றிலும் உருளும். பெட்டி தானே திரும்பிவிடும். இந்தச் சரிவு தேய்ந்துபோனால் பெட்டி அதிகமாக ஆடும். ஆகவே தேய்ந்த சக்கரத்தைப் பணிமனையில் கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

அச்சு

வண்டி மை போடாத மாட்டு வண்டி கிறீச்சிடும். ரயில் அச்சுக்கும் உராய்வுதான் எதிரி. அந்தக் காலத்தில் அச்சின் முனையில் எண்ணெயில் ஊறிய பஞ்சு வைப்பார்கள். இப்போது உருளைகள் வைத்த பேரிங்கும் கிரீசும் உள்ளன. பேரிங் பழுதானால் அச்சு முனை சூடேறும். இதை 'ஹாட் ஆக்சில்' என்பார்கள். கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து பெட்டி தடம்புரளலாம். முன்பு ஊழியர்கள் கையால் தொட்டுச் சூடு பார்த்தார்கள். இப்போது தொடாமலே வெப்பம் காட்டும் கருவி இருக்கிறது.

ஸ்பிரிங்

பெட்டியின் இரு முனைகளுக்கும் அடியில் நான்கு சக்கரம் கொண்ட ஒரு சட்டம் இருக்கும். அதுதான் போகி. மக்கள் பெட்டியையே போகி என்று சொல்வதுண்டு. போகியில் உள்ள ஸ்பிரிங்குகள் குலுக்கலைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஆட்டம் நிற்காது. எண்ணெய் நிரப்பிய உருளைகள் அந்த ஆட்டத்தை அடக்குகின்றன. எண்ணெய் கசிந்து குறைந்தால் பெட்டி தூக்கிப் போடும்.

பழையதும் புதியதும்

1955இல் சென்னை பெரம்பூரில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பில் அங்கே பெட்டிகள் தயாராயின. பல ஆண்டுகள் இந்தியா முழுவதும் அவை ஓடின. ஆனால் விபத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் குறை அவற்றில் இருந்தது. 2016 நவம்பர் 20 அன்று உத்தரப் பிரதேசத்தில் புக்ராயன் அருகே இந்தூர்–பாட்னா விரைவு வண்டி தடம்புரண்டது. சுமார் 150 பேர் இறந்தார்கள். பழைய வகைப் பெட்டி தயாரிப்பு 2018இல் நிறுத்தப்பட்டது.

இப்போது ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகள் பெருகியுள்ளன. இவை 2000இல் முதலில் வந்தவை. இவற்றின் இணைப்பு, பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தடுக்க உதவுகிறது. பழைய வகையில் பிரேக் கட்டை சக்கரத்தையே அழுத்தும். சக்கரம் சூடாகித் தேயும். புதிய வகையில் அச்சில் உள்ள தட்டைப் பிடித்து வண்டியை நிறுத்துகிறார்கள்.

பயணிகளின் பங்கு

பெட்டிக்கு அடியில் வழக்கமில்லாத சத்தம் வருகிறதா? கருகும் வாடை வருகிறதா? உடனே வண்டியில் உள்ள ஊழியரிடம் சொல்ல வேண்டும். 139 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆபத்து என்றால் சங்கிலியை இழுக்கத் தயங்கக் கூடாது. காரணமில்லாமல் இழுத்தால் மட்டுமே குற்றம். அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இடார்சியில் வண்டி புறப்படுகிறது. ஊழியர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். உள்ளே பயணிகள் தூங்குகிறார்கள். இவர்கள் விழித்திருப்பதால்தான் அவர்கள் தூங்க முடிகிறது.