தமிழில் அறிவியல் – 9: இயந்திரத்தோடு பழகியவர்

சென்ற வாரம் பார்த்த பெ.நா.அப்புசாமி வழக்கறிஞர். படித்துத் தெளிந்ததைத் தமிழில் எழுதியவர். இந்த வாரத்தவர் வேறு ரகம். பெங்களூர் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், பெயர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். மனைவி பெயரில் எழுதி சுஜாதா ஆனார்.

கருவியோடு பழகியவருக்கு அது எங்கே மக்கர் பண்ணும் என்பதும் தெரியும். நல்ல விளக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் முன்னின்று உருவாக்கிய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தையே பாருங்கள். அன்று அதில் இரண்டு பெட்டிகள், நடுவே 5 மீட்டர் ஒயர். ஒன்று வாக்குச்சாவடி அதிகாரியின் மேஜையில், மற்றது மறைப்புக்குள். அதிகாரி பொத்தானை அமுக்கினால்தான் ஒரே ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும். ஓட்டு விழுந்ததும் நீண்ட 'பீப்'. அதற்கப்புறம் எத்தனை முறை அமுக்கினாலும் பலனில்லை. அன்றைய இயந்திரம் நிமிடத்துக்கு 5 ஓட்டுக்கு மேல் ஏற்காது. சாவடியைக் கைப்பற்றி, கட்டுக்கட்டாக முத்திரை குத்தித் தள்ளிய கும்பல்களின் வேகத்தை முறித்தது இந்த ஏற்பாடுதான். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் இல்லாத கிராமத்திலும் கவலையில்லை. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வெள்ளோட்டம். சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டம் திருத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்தது.

இப்படிப் பொத்தானும் பூட்டுமாக யோசித்த மூளைதான் ஜூனியர் விகடனில் 'ஏன், எதற்கு, எப்படி' பகுதியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. மூளையைப் பற்றியே எழுதிய தொடருக்கு அவர் வைத்த பெயர் 'தலைமைச் செயலகம்'. பாடப் புத்தகத்தைக் கண்டு ஒதுங்கியவர்களும் அதை வாரம் தவறாமல் படித்தார்கள். 2008ல் அவர் மறைந்தபோது அந்த இடம் காலியானது. இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

அதை நிரப்பக்கூடியவர் அதே ஊரின் மறுகோடியில் இருக்கலாம். ஜாலஹள்ளி பெங்களூரின் வடமேற்கு. அதற்கு எதிர்க்கோடியில், ஓசூர் ரோட்டில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. மஞ்சள் தட மெட்ரோவில் நிலையத்தின் பெயரே பயோகான் ஹெப்பகோடி. பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்த காலம் போய், மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, பெரிய எஃகுத் தொட்டிகளில் அதை வளர்த்து மருந்து எடுக்கும் நிறுவனம் பயோகான். 2004ல் இந்த இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இந்த ரோட்டில் ஷிப்டுக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் எழுத வேண்டும். தொட்டியில் பிராணவாயு குறைந்தால் ஈஸ்ட் என்ன ஆகும்? நுரை பொங்கினால் எப்படி அடக்குவார்கள்? வேறு கிருமி புகுந்துவிட்டால் அத்தனையையும் ஏன் கொட்ட வேண்டியிருக்கிறது? தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதையெல்லாம் தமிழில் படிக்கக் காத்திருக்கிறார்கள்.

(தொடரும்)